ஏ.எல். மாணவி ஆய்வு மாநாட்டில் பேசப் போகிறாள்: போத்தல் மழைமானியும் 12 நிமிடமும்

ஊவா டீச்சர் | ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என்னிடம் ஓ.எல். (11ஆம் தரப் பொதுப் பரீட்சை) வரை படித்த ஒரு பிள்ளை இப்போது டவுன் பாடசாலையில் ஏ.எல். (பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரம்), 12ஆம் தரம், உயிரியல் பிரிவு. அவள் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தைக் கண்டியில் நடக்கும் ஒரு விஞ்ஞான மாநாட்டில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இது பாடசாலைப் போட்டி இல்லை. பேசுகிறவர்கள் எல்லாம் விரிவுரையாளர்கள், முதுமாணி மாணவர்கள், திணைக்கள உத்தியோகத்தர்கள். இவளுக்கு 12 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் கேள்வி. அதுவும் ஆங்கிலத்தில்.

ஆய்வைச் சொல்கிறேன். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாதங்களில் தொடங்கினாள். மழைக் காலத்தில் தொலைக்காட்சியில் மண்சரிவு எச்சரிக்கை வரும்போது பிரதேச செயலாளர் பிரிவின் பெயரைத்தான் சொல்வார்கள். "எங்க தோட்டத்துலயே மேல பேயிற மழை கீழ பேயிறதில்லையே டீச்சர், அப்ப ஒரு பிரிவு முழுக்க எப்படி ஒரே கணக்கு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சரி, அளந்து பார்ப்போம் என்று ஆரம்பித்தோம்.

ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு. கழுத்துப் பக்கத்தை வெட்டி, கவிழ்த்து, புனல் மாதிரி உள்ளே வைத்தது. வாய் விட்டம் 9 சென்ரிமீற்றர். ஒன்று கீழ் டிவிசனில் அவளுடைய லயத்து (தோட்டத் தொடர்வீட்டு) வாசலில், மற்றது மேல் டிவிசனில் பெரியம்மா வீட்டில். நடுவில் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) தோட்டத்தின் சொந்த மழைமானி இருக்கிறது. கிளாக்கர் ஐயா தினமும் பதிவு செய்கிறார், இன்றைக்கும் அங்குலத்தில்தான். பிள்ளை 25.4 ஆல் பெருக்கி மாற்றிக்கொண்டாள். மேலுக்கும் கீழுக்கும் நேர்கோட்டில் 3 கிலோமீற்றர் கூட இல்லை, உயர வித்தியாசம் ஏறக்குறைய 300 மீற்றர். 13 மாதம் அளந்திருக்கிறார்கள். மேல் டிவிசனில் மண்சரிவு எச்சரிக்கை அளவான 75 மில்லிமீற்றரைத் தாண்டியும் ஸ்டோரில் தாண்டாத நாட்கள் நாலு.

என் கேள்விகள்: ஏ.எல். படிக்கிற பிள்ளையை இதில் இறக்குவது சரியா? ஆங்கிலத்துக்கு எப்படித் தயார்படுத்துவது? கேள்வி கேட்பவர்கள் என்ன கேட்பார்கள்? வீட்டில் அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.

கொழுந்துக்கூடை | ஞாயிறு, இரவு 9.05

டீச்சர், வாசித்ததும் கண் கலங்கிவிட்டது. என் அம்மாவும் மேல் டிவிசன்தான். பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

தலவாக்கலை தகப்பன் | ஞாயிறு, இரவு 9.31

டீச்சர் கோபிக்க வேண்டாம், ஒரு தகப்பனாகப் பேசுகிறேன். விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் நம்ம பக்கம் மிகக் குறைவு. அதற்குள் ஒரு தோட்டத்துப் பிள்ளை போய்ச் சேர்வதே பெரிய காரியம். இசட் புள்ளியை நாலு தசமம் வரை பார்த்துத்தான் கெம்பஸுக்கு எடுக்கிறார்கள். வெட்டுப்புள்ளியில் மூன்றாம் தசமத்தில் தவறிப்போன பிள்ளையை என் வீட்டிலேயே பார்த்தேன். அவன் இரண்டாம் முறை எழுதிய அந்த வருடத்தில் வீட்டில் யாருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மாநாட்டில் பேசினால் இசட் புள்ளி கூடாது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில், சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் போகிறோம். உள்ளே ஆய்வாளராகப் போக வேண்டுமானால் முதலில் பட்டம் வேண்டும், பட்டத்துக்கு ஏ.எல். வேண்டும். அந்தப் பிள்ளையின் அப்பா தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அவரை வற்புறுத்த வேண்டாம்.

ஊவா டீச்சர் | ஞாயிறு, இரவு 10.02

அண்ணன், கோபமே இல்லை. நானும் இதே பயத்தில்தான் இங்கே வந்து கேட்டேன். அளக்கும் வேலை முடிந்துவிட்டது. மாநாட்டுக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மட்டும், ரியூசன் நாளைத் தொடுவதில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் போனால் நானே நிறுத்திவிடுவேன். இந்த வாக்குறுதியை அப்பாவிடமும் நேரில் போய்ச் சொல்கிறேன்.

நீர்க்கணக்கு | திங்கள், காலை 6.50

டீச்சர், நான் பேராதனையில் நீரியல் சார்ந்த ஆய்வில் இருக்கிறேன், சொந்த ஊர் வெலிமடை. பேசட்டுமா வேண்டாமா என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். கேள்வி நேரத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

முதலாவது, போத்தல் வாய். 9 சென்ரிமீற்றர் விட்டமென்றால் பரப்பு 63.6 சதுர சென்ரிமீற்றர், அதாவது 1 மில்லிமீற்றர் மழைக்கு 6.36 மில்லிலீற்றர் தண்ணீர். ஆனால் வெட்டிய போத்தல் சரியான வட்டமாக இருக்காது. விட்டத்தில் 2 மில்லிமீற்றர் பிழை இருந்தால் பரப்பில் 4 வீதத்துக்கு மேல் பிழை வரும். 75 மில்லிமீற்றர் மழையில் அது மூன்று மில்லிமீற்றருக்கும் கூட. "மேலே 76, ஸ்டோரில் 74" என்கிற நாள் ஒன்று அந்த நாலுக்குள் இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இரண்டு போத்தலையும் ஸ்டோர் மழைமானிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்களா? இல்லையென்றால் இப்போதாவது இரண்டு கிழமை வைக்கட்டும். மூன்றும் ஒரே இடத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரியாமல், வேறு வேறு இடத்து வித்தியாசத்தைப் பற்றிப் பேச முடியாது.

மூன்றாவது, மரம், கூரை. தடை எவ்வளவு உயரமோ அதில் குறைந்தது இரு மடங்கு தூரத்தில் மழைமானி இருக்க வேண்டும். லயத்து வாசல் என்றீர்கள். கூரைத் தகரத்திலிருந்து எவ்வளவு தூரம்?

நாலாவதுதான் பெரியது. எத்தனை மணிக்கு அளந்தார்கள்? வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை நாள் காலை 8.30 இலிருந்து மறுநாள் 8.30 வரை. வானிலை பார்க்க உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட நேரங்களில் ஒன்று அது, நமது கடிகாரத்தில் எட்டரை ஆகிறது. பள்ளிக்குப் போகிற பிள்ளை எட்டரைக்கு வீட்டில் இருக்க முடியாதே.

ஊவா டீச்சர் | திங்கள், இரவு 7.15

தம்பி, நீங்கள் கேட்டதை அப்படியே அவளுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றுக்கு அவளிடம் பதில் இருந்தது. ஆரம்பத்திலேயே பத்து நாள் மூன்றையும் ஸ்டோரில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள், அந்தத் தாள் இருக்கிறது. கீழ் டிவிசன் போத்தலும் உண்மையில் வாசலில் இல்லை, லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டத்தின் நடுவில். வாசல் என்று நான்தான் பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்த நாலு நாளில் 76, 74 மாதிரி ஒன்றும் இல்லை, வித்தியாசம் பெரிது.

நாலாவதில் மாட்டிக்கொண்டோம். இரண்டு போத்தலையும் காலை 6.30க்கு அளந்திருக்கிறார்கள். பெரியம்மாவும் அம்மாவும் ஏழு மணிக்கு முன்னால் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போக வேண்டும், பிள்ளை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வேறு நேரமே இல்லை. கிளாக்கர் ஐயா 8.30க்குத்தான் பார்க்கிறார். ஒரு வருடமாக இரண்டு மணித்தியாலம் தள்ளியிருக்கிறது, எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு இரவு நித்திரை வராது.

நீர்க்கணக்கு | திங்கள், இரவு 7.48

நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் டீச்சர். மாத மொத்தத்தில் இந்த இரண்டு மணித்தியாலம் ஒன்றும் செய்யாது. ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் பெய்யும், அங்கேயும் பாதிப்புக் குறைவு. பாதிக்கக்கூடியது அந்த நாலு நாள் கணக்கு மட்டும்தான். நாலு நாளிலும், அதற்கு முந்தைய நாளிலும், காலை 6.30க்கும் 8.30க்கும் இடையில் மழை பெய்ததா என்று தெரிய வேண்டும். வழி இருக்கிறதா?

ஊவா டீச்சர் | புதன், இரவு 9.20

வழி இருந்தது!

பிள்ளையின் கொப்பியில் சில நாட்களுக்குப் பக்கத்தில் "கு" என்று ஓர் எழுத்து. நான் எப்போதோ பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டது. பஸ்ஸுக்கு இறங்கும்போது குடை பிடித்த நாள் என்று அர்த்தமாம். அதை வைத்து நாலு நாளையும் பார்த்தோம். ஒரு நாளின் தொடக்கக் காலையில் "கு" இருக்கிறது. அன்று விடியப் பெய்தது பெரியம்மா கணக்கில் அந்த நாளுக்கும், கிளாக்கர் ஐயா கணக்கில் முந்தைய நாளுக்கும் போயிருக்கிறது. ஸ்டோர் புத்தகத்தில் முந்தைய நாளின் அளவு பெரிதாக இருப்பதும் அதற்குப் பொருந்துகிறது. அந்த நாளை எடுத்துவிட்டாள்.

இப்போது நாலு இல்லை, மூன்று. நான்தான் கொஞ்சம் வாடினேன். அவள் வாடவில்லை. "மூணுன்னா மூணு டீச்சர், யாரு கேட்டாலும் பதில் இருக்கு" என்றாள்.

ஹந்தானைக் காற்று | புதன், இரவு 10.11

இந்த "கு" விசயத்தைப் பேச்சில் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். நாலு மூன்றான கதையை மறைக்கவே கூடாது. நான் இருந்து கேட்கும் அமர்வுகளில், தன் கணக்கில் பிழையைத் தானே தேடிப் போன ஆளைத்தான் நம்புவேன்.

கொஸ்லந்தைப் பொடியன் | வியாழன், காலை 5.58

எல்லாவற்றையும் வாசித்தேன். நான் கொஸ்லந்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியாபெத்தை லயங்களை மண் மூடியபோது எனக்கு 15 வயது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த 75 என்பது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தெரியுமா?

நீர்க்கணக்கு | வியாழன், காலை 7.20

தம்பி, நான் சொல்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் படிகளில் முதலாவது அது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனமாக இருங்கள் என்பது. 100ஐத் தாண்டினால் அடுத்த படி. 150 ஆனால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறச் சொல்வது. மண்ணின் வகை, சரிவு, ஏற்கெனவே எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் சரிவு வரும். மழை அளவு ஒரு தூண்டுகோல். அதனால் 74 என்றால் பத்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்றுத் தண்ணீர் இருந்தால் மழைமானியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், இறங்கிவிட வேண்டும்.

இன்னொன்று டீச்சர். "எச்சரிக்கை பிழை" என்று பிள்ளை சொல்லக் கூடாது, அவள் அதை நிரூபிக்கவில்லை. ஒரே தோட்டத்துக்குள் மூன்று இடத்தில் மழை இவ்வளவு வேறுபட்டது, அதில் மூன்று நாள் ஓர் இடம் படியைத் தாண்டியது, மற்ற இடம் தாண்டவில்லை. அவ்வளவுதான் அவள் கையில் இருப்பது. அதுவே பெரிய விசயம்.

ஊவா டீச்சர் | வியாழன், இரவு 8.05

கொஸ்லந்தைத் தம்பி, பிள்ளைக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். 100 மில்லிலீற்றர் அளவுச்சாடி ஒன்றை நான் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து கொடுத்தேன். சாடி ஒருமுறை நிறைந்தால் பெரியம்மா கலண்டர் தாளில் ஒரு கோடு போடுவார், மிச்சத்தை எண்ணில் எழுதுவார். 75 மில்லிமீற்றருக்கு 477 மில்லிலீற்றர் வரும், அதாவது நாலு கோடும் 77உம். மேல் டிவிசனில் இப்போது "நாலு கோடு வந்துருச்சா?" என்று மழை நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்கிறார்களாம்.

இதில்தான் இன்னொரு சிக்கல். சுருக்கத்தில் இரண்டு பெயர்தான் போட்டோம், பிள்ளையும் நானும். இப்போது அவள், "பெரியம்மா பேரும் அம்மா பேரும் இல்லாம நான் எப்படிப் பேசுறது, பாதி நாள் அவங்கதானே அளந்தாங்க?" என்கிறாள். பெரியம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆசிரியர் வரிசையில் போடலாமா?

ஹந்தானைக் காற்று | வியாழன், இரவு 8.44

பொதுவான முறை என்னவென்றால் ஆய்வைத் திட்டமிட்டு, முடிவை விளங்கி, அதற்குப் பொறுப்பேற்கக்கூடியவர்களைத்தான் ஆசிரியர் என்பார்கள். தரவு சேகரித்து உதவியவர்களுக்கு நன்றிப் பகுதி. பெரியம்மாவைப் போட்டால் "இவரிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்வாரா?" என்று ஒருவர் கேட்கலாம். பிள்ளைக்கு அது சங்கடம். நன்றியில் போடுங்கள்.

பட்டிப்பொலை | வியாழன், இரவு 9.30

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரியம்மாவிடம் கேட்டால் பதில் சொல்ல மாட்டார் என்று எப்படித் தெரியும்? மேல் டிவிசன் எண் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

இங்கிலாந்தில் டெவன் பக்கத்தில் பிளாக்கோட்டன் என்கிற ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகள், எட்டு வயதிலிருந்து பத்து வயது வரை 25 பேர், வண்டுத்தேனீக்கள் நிறத்தையும் வடிவ அமைப்பையும் வைத்துப் பூவைத் தேர்ந்தெடுப்பதை ஆராய்ந்தார்கள். 2010இல் அது பயோலொஜி லெட்டர்ஸ் என்கிற ஆய்விதழில் வந்தது. படங்கள் பிள்ளைகள் கையால் நிறம் தீட்டியவை. முந்தைய ஆய்வுகளின் பட்டியல் ஒன்றுகூட அதில் இல்லை, அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அவை விளங்காது என்பதால். 25 பிள்ளைகளையும் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார்கள். எட்டு வயதுக்கு இடம் இருந்தால் ஐம்பது வயதுக்கு ஏன் இல்லை?

ஹந்தானைக் காற்று | வியாழன், இரவு 9.52

நீங்கள் சொல்வதில் விசயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் கேள்வியையே தாங்களாக உருவாக்கினார்கள், பரிசோதனையையும் அமைத்தார்கள். இங்கே கேள்வி பிள்ளையுடையது. தவிர, ஏற்றுக்கொண்ட பிறகு ஆசிரியர் வரிசையை மாற்ற மாநாடுகள் இலகுவில் விடாது. முழுக் கட்டுரையாக எழுதும்போது பெரியம்மாவிடமே கேட்டு முடிவெடுக்கலாம்.

பதுளை ரோட் | வெள்ளி, மதியம் 12.40

ஒரு கசப்பான விசயம், எழுதித்தான் ஆக வேண்டும். நான் ஏ.எல். படித்தபோது ஒரு போட்டிக்குப் போனேன். எங்கே, யார் என்று சொல்ல விரும்பவில்லை. செயற்றிட்டத்தை முழுக்கப் பெரியவர் ஒருவர் செய்து, எழுதி, பேச்சையும் எனக்கு மனப்பாடமாக்கினார். மாகாண மட்டத்தில் பரிசு. அடுத்த மட்டத்தில் ஒரு நடுவர் மிக அன்பாக, "மகன், இந்த வரைபில் ஏழாவது புள்ளி ஏன் தனியா நிற்குது?" என்று கேட்டார். அந்தப் புள்ளியை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை, தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல வருடம் ஆய்வு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டீச்சர், நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று தெரிகிறது. இருந்தாலும் சிலைடில் ஒரு வசனத்தைக்கூட நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். இலக்கணம் பிழையாக இருந்தாலும் அவளுடையதாக இருக்கட்டும்.

தலவாக்கலை தகப்பன் | வெள்ளி, இரவு 8.15

வெளிநாட்டில் 15 வயதுப் பையன் ஒருவனின் பெயர் நேச்சர் இதழில் வந்ததாக என் மகன் சொல்கிறான். அப்படி நடக்கிறதா, இல்லை பெரியவர்கள் சேர்த்துவிடுவதா?

பட்டிப்பொலை | வெள்ளி, இரவு 8.50

நடந்தது ஐயா. 2013 ஜனவரியில். நீல் இபாட்டா என்கிற பையன். அன்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைச் சுற்றியுள்ள சிறு மண்டலங்கள் ஒரே தளத்தில் சுற்றுவதைக் காட்டும் கணினிக் கணக்கில் அவன் பங்கு இருந்தது. ஆனால் அவனுடைய அப்பா ஸ்ட்ராஸ்பூர்க்கில் வானியலாளர், அந்த ஆய்வுக்குழுவுக்கே தலைவர். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரை வந்தபோது எமிலி ரோசாவுக்கு 11 வயது. உடம்பைத் தொடாமல் கையால் "சக்தியை உணர்ந்து" வைத்தியம் செய்கிறவர்கள் 21 பேரை ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் உட்காரவைத்து, தன் கை அவர்களுடைய எந்தக் கைக்கு மேலே இருக்கிறது என்று கேட்டாள். 280 தடவையில் 123தான் சரி, நாணயத்தைச் சுண்டினால் வருவதைவிடக் குறைவு. அவளுடைய அம்மா தாதி, அவரும் ஆசிரியர்களில் ஒருவர்.

இரண்டு பிள்ளைக்கும் வீட்டிலேயே ஒரு கதவு திறந்திருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம்ம பிள்ளையின் வீட்டில் கொழுந்து பறிக்கிற இரண்டு பேர் ஒரு வருடத்துக்கு மேல் காலை ஆறரைக்கு அளவுச்சாடியோடு நின்றிருக்கிறார்கள். இதுவும் ஒரு கதவுதான் ஐயா.

தலவாக்கலை தகப்பன் | வெள்ளி, இரவு 9.26

சரி. இதற்கு மேல் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் என்ற வாக்கை மட்டும் காப்பாற்றுங்கள் டீச்சர்.

சில்வர்டிப் | சனி, காலை 10.10

மாநாடு உண்மையானதா என்று பார்த்தீர்களா? பெரிய பெயர் வைத்துக்கொண்டு, அனுப்பிய அன்றே "ஏற்றுக்கொண்டோம், கட்டணத்தை அனுப்புங்கள்" என்று எழுதுகிற கூட்டம் நிறைய இருக்கிறது.

ஊவா டீச்சர் | சனி, பகல் 1.30

பார்த்தேன். மதிப்பீட்டாளர் இருவரின் கருத்து எழுத்தில் வந்தது. ஒருவர் தலைப்பையே மாற்றச் சொன்னார், மாற்றிய பிறகுதான் ஏற்றார்கள். பதிவுப் படிவத்தில் மட்டும் பாடசாலை மாணவி என்று ஒரு வகையே இல்லை, தொலைபேசியில் கேட்டு இளமாணி மாணவர் கட்டணத்தில் சேர்த்தோம். பணத்தைப் பாடசாலையின் பழைய மாணவர்கள் தந்துவிட்டார்கள். இங்கே தனிச்செய்தியில் தருவதாகச் சொன்ன மூன்று பேருக்கும் நன்றி, தேவைப்படவில்லை.

ஆங்கிலத்துக்கு இப்படிச் செய்கிறோம். ஒரு சிலைடுக்கு அவள் முதலில் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். நான் குறுக்குக் கேள்வி கேட்பேன். தமிழில் தடுமாறாத பிறகுதான் ஆங்கிலம். அவளாக எழுதிய சின்னச் சின்ன வசனம். "அதை நான் அளக்கவில்லை", "கேள்வியை இன்னொரு முறை சொல்ல முடியுமா" என்ற இரண்டை மட்டும் நித்திரையிலும் வரும்படி பழக்கியிருக்கிறேன். மற்றதெல்லாம் அவள் பாடு.

அப்பா வருகிறாராம். சம்மதித்ததாகச் சொல்லவில்லை, "துணைக்கு வாறேன்" என்றார்.

(ஆறு கிழமைக்குப் பின்)

ஊவா டீச்சர் | ஞாயிறு, மாலை 6.05

முடிந்தது. நேற்று இரவு வந்து சேர்ந்தோம். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ரயிலில் போனோம், பிள்ளை, அப்பா, பெரியம்மா, நான். பெரியம்மா வருவது கடைசி நேரத்தில் முடிவானது, அன்றைக்குப் பேரை (நாட்சம்பளத்தை) விட்டுவிட்டு வந்தார். ஒஹியாவில் நல்ல வெயில். சுரங்கத்தைத் தாண்டி 1890 மீற்றர் உயரத்துப் பட்டிப்பொலை நிலையத்துக்கு வந்தால் மழை, ஜன்னலை மூட வேண்டியதாகிவிட்டது. இந்தப் பாதையில் போகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்தாள். மறுநாள் பேச்சை அதிலிருந்தே தொடங்கினாள். "நேற்று இந்த மண்டபத்துக்கு வரும் வழியில் ஒரு சுரங்கத்துக்கு ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் மழை" என்று. நாங்கள் பழகிய தொடக்கம் அது இல்லை, எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் முன்வரிசையில் நாலைந்து பேர் சிரித்துத் தலையாட்டினார்கள், அந்த ரயிலில் வந்தவர்களாக இருக்கும்.

பத்தரை நிமிடத்தில் முடித்துவிட்டாள், கொஞ்சம் வேகம். பெயர்ப் பட்டியலில் எங்கள் இருவரின் பெயர்தான். ஆனால் "அளந்தவர்கள்" என்று அவள் இரண்டாவது சிலைடாக ஒன்று வைத்திருந்தாள். மேல் டிவிசன் பெரியம்மா, கீழ் டிவிசன் அம்மாவும் தானும், ஸ்டோர் கிளாக்கர் ஐயா, ஒவ்வொருவரும் எத்தனை நாள் என்று. பெரியம்மாவின் கலண்டர் தாளின் படமும் கோடுகளோடு இருந்தது.

கேள்வி மூன்று. ஒருவர் போத்தல் பிழை எத்தனை வீதம் என்றார், உடனே சொன்னாள். இரண்டாவது ஒரு அம்மையார், "மேல் டிவிசனில் கூடப் பெய்வதற்கு உயரம்தான் காரணமா, காற்றுத் திசையா?" என்று கேட்டார். "காற்றை நான் அளக்கவில்லை" என்றாள். அம்மையார் விடவில்லை, "அளக்க வேண்டுமானால் எப்படி அளப்பாய்?" என்றார். இதற்கு நாங்கள் பழகவே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். எனக்கு அது ஒரு மணித்தியாலம். பிறகு, வானுக்கு நிமிர்ந்த வாய் ஒரே அளவு மழையைத்தான் பிடிக்கும், அதனால் நாலு பக்கமும் சாய்ந்த வாயோடு நாலு போத்தல் வைத்தால் எந்தப் பக்கத்திலிருந்து கூட விழுகிறது என்று பார்க்கலாம் என்றாள். இலக்கணம் எல்லாம் உடைந்துதான் வந்தது. அம்மையார் எழுதிக்கொண்டார்.

மூன்றாமவர் கேட்டது என்னை அசைத்துவிட்டது. பெரியம்மா தாளில் சில நாட்களுக்கு எண் இல்லாமல் குறுக்காக ஒரு சின்னக் கோடு மட்டும் கிடக்கிறது. "அந்த நாள் மழையே இல்லையா?" என்றார். மழை இல்லாத நாளுக்குச் சுழியம் போட்டிருக்கிறது, இது பெரியம்மா காய்ச்சலில் இருந்து அளக்காத நாள், அதைச் சுழியம் என்று எழுத வேண்டாம் என்று பெரியம்மாவே சொன்னார் என்றாள். அவர் பெரியம்மா எங்கே என்று கேட்டார். பெரியம்மா கடைசி வரிசையில் இருந்தார். எழும்பச் சொன்னதும் எழும்பினார். கேள்வி கேட்டவர் தமிழ் தெரிந்தவர். "ஏன் அம்மா சைபர் போடல்ல?" என்று தமிழிலேயே கேட்டார். பெரியம்மா சொன்னது அப்படியே: "நான் பாக்காத அன்னைக்கி மழ பேஞ்சிருக்கலாமே ஐயா."

மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அமர்வுத் தலைவர் நேரம் முடிந்தது என்றார்.

பரிசு கிடைக்கவில்லை. கேள்வி கேட்ட அம்மையார் தன்னியக்க மழைமானி ஒன்றை மூன்று மாதத்துக்கு மேல் டிவிசனில் வைக்கத் தரலாம் என்று முகவரி வாங்கினார். அப்பா திரும்பும் வழியில் நானுஓயா வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சனிக்கெழம ரெண்டு மணித்தியாலம்னா பரவாயில்ல டீச்சர்" என்றார்.

ஹந்தானைக் காற்று | ஞாயிறு, மாலை 6.40

பெரியம்மா விசயத்தில் நான் முன்பு எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முழுக் கட்டுரையில் அவர் பெயரைப் போடுங்கள்.

கொஸ்லந்தைப் பொடியன் | ஞாயிறு, இரவு 7.12

டீச்சர், எங்கள் லயத்திலும் ஒன்று வைக்க வேண்டும். என்னிடம் ஒன்றரை லீற்றர் போத்தல் இருக்கிறது, அளவுச்சாடி இல்லை. பிள்ளையிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

ஊவா டீச்சர் | ஞாயிறு, இரவு 8.30

பக்கத்தில்தான் இருக்கிறாள், அவள் சொல்வதை எழுதுகிறேன்:

"அண்ணன், சாடி இல்லாட்டி மருந்துக் கடையில மில்லிலீற்றர் போட்ட பிளாஸ்டிக் கப் வாங்குங்க. போத்தல் வாயை நாலு பக்கமா அளந்து சராசரி எடுங்க, நம்ம 9 உங்களுக்கு வராது. போத்தல் சரியாம இருக்க சுத்திக் கல்லு வைங்க. வெயில் நாள்ல தண்ணி ஆவியாப் போகாம ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடலாம், ஆனா கொஞ்சம் குளிர்ந்தாலே அது உறையும், அப்ப வேற எண்ணெய். கூரையிலருந்து தள்ளி வைங்க. முக்கியமா, காலையில எத்தன மணிக்கு உங்களால ஒவ்வொரு நாளும் பாக்க முடியும்னு முதல்ல வீட்டுல பேசி முடிவெடுங்க. அந்த நேரத்த மொதப் பக்கத்துல எழுதுங்க."